நாற்பத்தோராம் பக்கத்துத் தீக்குச்சி

நாற்பத்தோராம் பக்கத்தில்
பச்சையம்மா தீக்குச்சி கிழித்தாள்.
நான் கவனிக்கவில்லை.
தட்டச்சு செய்துதந்த மருதவாணனும் கவனிக்கவில்லை.
அட்சய வருஷம், மார்கழி.
கெடிலக்கரையில் கும்பினித் துணி வெளுக்கிறவள்.
அவள் கையில்
பிறக்க இன்னும் நூறு வருஷம் பாக்கியிருந்த
தீப்பெட்டி.

அடித்தேன்.
அந்த ஒரு வரியை அடித்ததும்
வீடு முழுக்க இருண்டுபோனது.

அதோடு விடவில்லை.
ரசத்தில் மிதந்த தக்காளியை எடுத்தேன்.
'அஞ்சு நிமிஷத்தில் வரேன்' என்ற அவள் புருஷனை
'அரை நாழிகையில்' என்று சொல்லவைத்தேன்.
ஆள் கொஞ்சம் சோம்பேறி ஆனான்.
பொருந்தத்தான் செய்தது.
மிளகாய் அந்தத் தெருவுக்கு வந்துவிட்டதா?
மூன்று புத்தகம் மூன்று விதமாய்ச் சொன்னது.
குழம்பின் நிறத்தைச் சொல்லாமல் விட்டேன்.

லீவு போட்டுவிட்டு
கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ் ஏறுகிறவன்
எதற்குப் போகிறான் என்று
எங்கள் மின்வாரிய ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.
கன்னியகோயில் கடைகளைத் தாண்டிப்
பழைய காகிதம் பார்க்கப் போகிறேன் என்றால்
இன்னும் அதிகமாய்ச் சிரிப்பார்கள்.

பேனாவை வாசலில் வாங்கிக்கொண்டு
பென்சில் கொடுத்தார்கள்.
எனக்குப் பிரெஞ்சு தெரியாது.
லூர்துமேரி மேடம் விரலால் தொடாமல்
வரியின் மேலே காற்றில் கோடிழுத்துச் சொன்னார்:
'ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது.
துணி ஆறு போயிற்று.
வெளுப்பவர்கள் கூலியில் பிடித்துக்கொள்ளவும்.'
பேர் இருக்கிறதா மேடம், என்றேன்.
இருக்கிறதே, என்றார்.
துணிக்கு.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்தபடி
ஆறு துணியையும் நனைத்து நனைத்துப் பார்த்தேன்.

இருட்டு எனக்குத் தெரியும்.
தானே புயலுக்குப் பிறகு
எங்கள் தெருவில் இருபத்திரண்டு நாள் கரண்ட் இல்லை.
மீட்டர் பார்க்கிறவன் என்பதால்
வசவெல்லாம் என் வீட்டு வாசலில்தான் வந்து விழுந்தது.
ஏழு மணிக்கே எதிர்வீட்டுச் சுவர் காணாமல் போகும்.
இருமலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்போம்.
அதை அப்படியே கொண்டுவந்து
பச்சையம்மாவின் வீட்டுக்குள் இறக்கினேன்.
எந்தக் காப்பகத்துக் கட்டிலும் அது இல்லை.

ஆனால் எங்களிடம் தீப்பெட்டி இருந்தது.
அவளிடம் அணைந்த அடுப்பு,
உடம்பு சுட்டுக்கிடக்கும் பிள்ளை.
கங்கு வாங்கப் பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும்.
பக்கத்து வீட்டை நான் கட்டியிருக்கவே இல்லை.

நாற்பது பக்கமாய் அவளைத்
தனி வீட்டில் வைத்திருந்திருக்கிறேன்,
சினிமா செட் மாதிரி.

சுவர் வைத்தேன். பனையோலை வேய்ந்தேன்.
குனிந்து நுழையும் படல் ஒன்று.
உள்ளே ஒருத்தி இருந்தாக வேண்டும்:
வேம்பி என்று பேர் வந்தது.
புருஷன் அதே துறையில் வெளுக்கிறவன்.
அந்தப் பிடித்தம்
அவன் கூலியிலும் விழுந்திருக்கும் அல்லவா?

விளக்கு வைத்த பிறகு
வீட்டுத் தீயை வெளியே கொடுக்கமாட்டார்கள்.
இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.
முதுநகரில் இன்றைக்கும்
ஆறு மணிக்கு மேல் உப்பு கேட்டுப் பாருங்கள்.

அங்கேதான் நிற்கிறது நாவல்.
ஓட்டாஞ்சில்லை நீட்டிக்கொண்டு
நாலு மாதமாய் நிற்கிறாள் பச்சையம்மா.
கை கடுக்கும்.
காலையில் மீட்டர் எண்களைக் குறிக்கும்போதெல்லாம்
யாருடைய கூடத்திலோ
எனக்கு அது நினைவு வருகிறது.
கொடுத்தாள் என்று ஒரு தாளும் சொல்லவில்லை,
மறுத்தாள் என்றும் இல்லை.

நேற்று ராத்திரி
வேம்பி முதல்முதலாய் வாயைத் திறந்தாள்.
கங்கைப் பற்றி இல்லை.

'அந்த ஆறு துணியில்
எத்தனை உன்னுது?' என்றாள்.